பன்னிரண்டாம் கட்டிலின் விளக்கு

எனக்குத் தலைக்கனம் அதிகம். இதை எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் என் மாமியார், "இவ பெரியவன் பொண்டாட்டி, கொஞ்சம் மூக்கு மேல கோபம்" என்று சொல்லித்தான் அறிமுகமே செய்துவைப்பார். நான் ஒருநாளும் மறுத்ததில்லை. வேலை தெரிந்தவளுக்குக் கொஞ்சம் கனம் இருந்தால் என்ன குடி முழுகிவிடப்போகிறது?

என் வேலை கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு மாடிப்படி, இரண்டு அறைகள், தொட்டதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளும் ஒரு முதலாளி, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தொழிற்சாலை என்று கேட்கிற இடங்களுக்கு மணியும் விளக்குப் பலகையும் செய்து கொடுக்கிறோம். அதுவரை நான் செய்ததெல்லாம் அடுத்தவர் எழுதிய புரோகிராமுக்கு ஒட்டுப்போடுகிற வேலை. கிழிசலைத் தைத்துக் கொடுத்தாலும் சட்டை தைத்தவன் பேர்தானே நிற்கும்? முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நானே எழுதிய முதல் வேலை, என் ஓரகத்தி நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டுக்குப் போட்ட விளக்குப் பலகை.

ஓரகத்தி என்றால் என் கொழுந்தனின் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்படி, ஒரே மாமியார். அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளைச் சின்னவள் என்பேன். எங்களுக்குள் சண்டை வரும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆவலாகக் காத்திருந்தார்கள். வந்தது, போனது, மறுபடி வந்தது. ஆனால் வெளியாள் யாராவது என்னைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை குறைவாகப் பேசிவிட்டால் தொலைந்தார்கள். அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டுத்தான் அவள் அடுத்த வேலை பார்ப்பாள்.

அந்த வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். ஒரு பக்கம் ஆறு, எதிர்ப்பக்கம் ஆறு. ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் கையில் பிடித்து ஆட்டுகிற சின்ன மணி ஒன்று இருந்தது. ஆட்டினால் சத்தம் வார்டு முழுக்கக் கேட்கும், ஆனால் ஆட்டியது யார் என்று தெரியாது. நர்ஸ் எழுந்து வருவதற்குள் ஆட்டியவர் அயர்ந்து கண்ணை மூடியிருப்பார். பக்கத்துக் கட்டில்காரர் எனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரிப்பார். இதற்கு ஒரு வழி கிடையாதா என்று பெரிய சிஸ்டர் புலம்பிக்கொண்டிருந்தபோது சின்னவள்தான் முந்திக்கொண்டு, எங்க அக்கா செய்வாங்க, நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தாள். பெரிய சிஸ்டர் அந்த வார்டின் தலைமை நர்ஸ். அவர் முன்னால் பொறுப்பு என்ற வார்த்தையை யாரும் லேசில் எடுக்கமாட்டார்கள். எடுத்தவர்களை அவர் மறக்கமாட்டார்.

நான் எழுதினேன். கட்டிலுக்கு ஒரு பொத்தான். நோயாளி அதை அழுத்தினால், நர்ஸ்களின் மேசைக்கு மேலே சுவரில் இருக்கும் பலகையில் அந்தக் கட்டிலின் எண் சிவப்பாக எரியும். கேட்க எளிதுதான், அது எழுத எழுத எவ்வளவு அழகாக வந்தது என்று எனக்கல்லவா தெரியும். கட்டில் என்றால் என்ன, அதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், பொத்தானை அழுத்தினால் அது என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் ஒரே ஒரு தடவை எழுதினேன். அதற்குக் கிளாஸ் என்று பேர். அந்த ஒரே அச்சில் பன்னிரண்டு கட்டில்களை வார்த்தெடுத்தேன். வார்த்தெடுத்த ஒவ்வொன்றும் ஒரு ஆப்ஜெக்ட்.

அச்சை எழுதுகிறபோது அது எந்தக் கட்டிலாக ஆகப்போகிறது என்று தெரியாது. நாலாகவும் இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம். அதனால் நாலாம் எண்ணை எரியவிடு என்று எழுத முடியாது; என் எண்ணை எரியவிடு என்றுதான் எழுத வேண்டும். அந்த 'என்' என்பதைச் சில கம்ப்யூட்டர் மொழிகளில் செல்ஃப் என்பார்கள், நான் எழுதும் மொழியில் திஸ். அந்த வரியை நாலாம் கட்டில் நடத்தினால் திஸ் என்பது நாலாம் கட்டில். ஏழாம் கட்டில் நடத்தினால் ஏழாம் கட்டில். எழுதியது ஒரே வரி, ஆனால் அதைச் சொல்கிற ஒவ்வொருவரும் தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறார். படிக்கிற காலத்திலேயே எனக்கு இதில் ஒரு கிறக்கம். சாப்பிடும்போது இதை நான் விளக்க ஆரம்பித்தால் என் கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி பக்கம் போய்விடுவார்.

முதல் சோதனையை என் மேசையிலேயே செய்தேன். பொத்தான்கள் எல்லாம் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதால் என் கையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு கட்டில், ஒரு பொத்தான். அழுத்தினேன், ஒன்று எரிந்தது. அடுத்த சோதனை வார்டில். ஆள் படுத்திருக்கிற கட்டிலில் விளையாட்டுக் காட்ட வேண்டாம், காலியாக இருக்கிறதில் அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய சிஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்று காலியாக இருந்தது கடைசி மூலையில், ஜன்னலோரம் இருந்த பன்னிரண்டாம் கட்டில். சின்னவள் போய் அழுத்தினாள். பன்னிரண்டு எரிந்தது. நர்ஸ்கள் கை தட்டினார்கள். பெரிய சிஸ்டர்கூட அரைச் சிரிப்பு சிரித்தார். வீடு வந்து சேரும்வரை என் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரம் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே சின்னவள் மெதுவாக ஆரம்பித்தாள். பலகையில் எப்போதும் பன்னிரண்டுதான் எரிகிறதாம். மூன்றாம் கட்டில் அழுத்தினாலும் பன்னிரண்டு, எட்டாம் கட்டில் அழுத்தினாலும் பன்னிரண்டு. அந்தக் கட்டிலில் சர்க்கரை வியாதியால் கால்புண் ஆறாமல் வந்து சேர்ந்திருக்கும் ஒரு பஸ் கண்டக்டர் படுத்திருக்கிறார். முதல் நாள் எல்லோரும் அவரிடம் ஓடினார்கள். நான் கூப்பிடவே இல்லையே என்று அவர் திருதிருவென்று விழித்தார். இரண்டு நாளில் நர்ஸ்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இப்போதெல்லாம் பன்னிரண்டு எரிந்தால் ஒன்றாம் கட்டிலிலிருந்து வரிசையாக, நீங்களா, நீங்களா என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உங்கள் ஆட்களுக்கு ஒரு பொத்தானை ஒழுங்காக அழுத்தத் தெரியாதா, வயர் இழுத்தவன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுபோய்ச் சொருகியிருப்பான், நான் எழுதியதில் தப்பு இருக்க வாய்ப்பே இல்லை என்று பொரிந்து தள்ளினேன். அவள் பதிலுக்குப் பதில் பேசுகிறவள்தான். ஆனால் அன்று மெதுவாக உரித்த வெங்காயத்தைத் தட்டில் வைத்தாள்.

"அக்கா, நாளைக்குச் சாயங்கால டியூட்டி வர்றதுக்குள்ள சரியாகலைன்னா பெரிய சிஸ்டர் போர்டைக் கழட்டச் சொல்லிட்டாங்க. நான் பொறுப்புன்னு சொன்னதை எல்லார் முன்னாடியும் சொல்லிக் காட்டிட்டாங்க."

வெங்காயத்தால்தான் கண்ணில் தண்ணீர் என்று நான் நம்பவில்லை. என் வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். என்னை நம்பி வாக்குக் கொடுத்தவள் நாளைக்கு அந்த வார்டில் தலைகுனிந்து நிற்க வேண்டும். அதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் மதியமே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டேன். நர்ஸ்கள் மேசையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே பழைய மணிகள். ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்துத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். மேசையில் யாருடைய முழங்கை இடித்தாலும் பெட்டி கிணிங் என்றது. ஒவ்வொரு கிணிங்கும் என்னைக் கேலி செய்வதாகவே எனக்குப் பட்டது.

வயர் இழுத்த எலக்ட்ரீஷியன் வந்திருந்தார். வந்ததும் வராததுமாக அவர்மேல்தான் பாய்ந்தேன். அவர் பலகையின் மூடியைக் கழற்றி, மீட்டரை வைத்து, ஒவ்வொரு கட்டிலின் வயரும் தனித்தனியாக, அதனதன் இடத்தில் வந்து சேருவதைக் காட்டினார். காட்டி முடித்ததும், மேடத்துக்கு வேறு சந்தேகம் உண்டா என்று கேட்டார். மூடியை அவர் திருகிய வேகத்திலேயே அவர் மனசு தெரிந்தது. வயரில் தப்பில்லை என்றால் தப்பு என் பக்கம்தான். முதலாளி போனில் கூப்பிட்டார். கழற்றிக்கொண்டு வந்துவிடுங்கள், போன மானம் போகட்டும், வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்ளலாம் என்றார். வேறு ஆள் என்ற சொல் எனக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. சாயங்காலம்வரை நேரம் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

எழுதியதை வரி வரியாகப் படித்தேன். கட்டிலின் அச்சு சரியாக இருந்தது. கட்டில்கள் பன்னிரண்டும் சரியாக வார்க்கப்பட்டிருந்தன. நாலாம் கட்டிலைக் கேட்டால் என் எண் நாலு என்கிறது, ஏழைக் கேட்டால் ஏழு என்கிறது. ஆனால் வார்டில் அழுத்தினால் பன்னிரண்டு. கண் எரிய எரியப் பார்த்தும் பிடி கிடைக்கவில்லை. கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்று எழுந்து அந்தக் கடைசிக் கட்டில் பக்கம் போனேன்.

கண்டக்டர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் சிரித்தார். முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் அடித்தேன், ஒருநாள்கூட டிரைவர் கேட்டவுடனே நிறுத்தியதில்லை, இங்கே வாயைத் திறக்காமலே ஓடி ஓடி வந்தார்கள், என்னைப் பெரிய மனுஷனாக்கிவிட்டீர்கள் என்றார். இப்போது எப்படி என்று கேட்டேன்.

"இப்ப நான் கடைசி ஸ்டாப்பும்மா. எல்லா இடத்துலயும் நின்னுட்டுத்தான் வர்றாங்க. காலையில நிஜமாவே தண்ணிக்கு அழுத்தினேன். அவங்க வந்து சேர்றதுக்குள்ள தாகமே போயிடுச்சு."

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் மேசைக்குத் திரும்பி நடக்கையில் அது சிரிக்கிற விஷயமாகத் தோன்றவில்லை. மற்ற எல்லோருக்கும் கொஞ்சம் தாமதமாகவாவது ஆள் போகிறது. இவருடைய எண் மட்டும் ஓயாமல் எரிந்து எரிந்து, இவர் கூப்பிடுவதை நம்பவே ஆள் இல்லாமல் போய்விட்டது.

மாத்திரை நேரம் வந்தது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி ஒரு சின்னக் கப்பில் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு அவசரமாக வந்து, அவருக்குக் கொடுத்துவிடுங்கள் அக்கா என்று சின்னவளிடம் நீட்டிவிட்டுத் திரும்பப் போனாள். சின்னவள் கையை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மாத்திரைக் கப்பானாலும் கட்டில் எண் எழுதிய சீட்டை அதில் ரப்பர் பேண்டால் கட்டித்தான் கை மாற்ற வேண்டும். இரண்டு அடி தூரம் என்றாலும் சரி, யாருக்கு என்று இருவருக்குமே தெரிந்திருந்தாலும் சரி.

"சீட்டு கட்டாம எங்கிட்ட நீட்டினா அது யாருக்கு? கையில வச்சிருக்கிறவளுக்குத்தான். நானே முழுங்கிடட்டுமா?" என்றாள் சின்னவள்.

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு சீட்டைத் தேடினாள். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நான் செய்ததும் அதைத்தான். பொத்தானை அழுத்தியதும் சேதி முதலில் வருவது பலகைக்கு. அதனால், அழுத்தினால் செய்ய வேண்டிய வேலையைக் கட்டிலிடமிருந்து எடுத்துப் பலகையின் கையில் கொடுத்து வைத்திருந்தேன். வேலையை மட்டும் கொடுத்தேன். அது யாருடைய வேலை என்று கட்டிக் கொடுக்கவில்லை. என் எண்ணை எரியவிடு என்ற வரியைக் கட்டில் நடத்தினால் 'என்' என்பது கட்டில். பலகை நடத்தினால் 'என்' என்பது பலகை. பாவம், அது என்ன செய்யும்? கையில் வைத்திருக்கிறவள் தனக்கென்று எடுத்துக்கொண்டது போல, தன்னுடைய எண்ணை எடுத்து எரியவிட்டது. பலகைக்கும் ஒரு எண் உண்டு. தன்னிடம் எத்தனை கட்டில்கள் என்று அதற்குத் தெரிய வேண்டுமே என்று நானே வைத்த எண். பன்னிரண்டு.

என் மேசையில் சோதித்தபோது இருந்தது ஒரே கட்டில். ஆகவே பலகையின் எண்ணும் ஒன்று, கட்டிலின் எண்ணும் ஒன்று. வார்டில் சோதித்தது பன்னிரண்டாம் கட்டிலை. வேறு எந்தக் கட்டில் அன்று காலியாக இருந்திருந்தாலும் முதல் நாளே குட்டு உடைந்திருக்கும். இரண்டு தடவையும் தப்பான வழியில் சரியான விடை வந்து என்னை நன்றாக ஏமாற்றிவிட்டது. கண்டுபிடித்த சந்தோஷத்தில், தப்பு என்னுடையது என்பதே எனக்கு உறைக்கவில்லை. சின்னவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவள் கையில் மாத்திரைத் தட்டு இருந்ததால் தப்பித்தாள்.

திருத்தம் ஒரே வரிதான். பலகையிடம் வேலையைக் கொடுக்கும்போதே அந்தந்தக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிக் கொடுப்பது. அப்படிக் கட்டுவதற்கென்றே என் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. நான் போடாமல் விட்டது அதைத்தான். ஒருமுறை கட்டிவிட்டால் அப்புறம் எவர் கையில் போய் எவர் நடத்தினாலும் நாலாம் கட்டிலின் 'நான்' நாலாம் கட்டில்தான். எழுதினேன், மறுபடி படித்தேன், பலகையில் ஏற்றினேன். பலகை ஒருமுறை இருண்டு மறுபடி உயிர் பெற்றது. பெரிய சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார். எந்தக் கட்டிலில் அழுத்திப் பார்க்கலாம் என்று அவரிடம் கேட்க வாயைத் திறந்தேன்.

அதற்குள் விளக்கு எரிந்தது. பன்னிரண்டு.

புதிய நர்ஸ் பெருமூச்சு விட்டுவிட்டு வழக்கம்போல ஒன்றாம் கட்டிலை நோக்கி நடந்தாள். எலக்ட்ரீஷியன் தன் பையைத் தோளில் மாட்டினார். பெரிய சிஸ்டர் அட்டைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். உள்ளே மணிகள் எல்லாம் சேர்ந்து குலுங்கின.

நானும் பலகையையே பார்த்தேன். திருத்தம் பலிக்காமல் போயிருந்தாலும் இதே பன்னிரண்டுதான் எரியும். பலித்திருந்து, அந்தக் கடைசிக் கட்டில்காரரே அழுத்தியிருந்தாலும் இதே பன்னிரண்டுதான். பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. என்னிடம் இருந்தது ஒன்றுதான். எழுதியவள் நான், எழுதியது சரி என்று எனக்குத் தெரியும். சரி என்றால் கூப்பிடுகிறவர் அவர். தண்ணீருக்கு அழுத்திவிட்டுத் தாகம் போகும்வரை காத்திருந்த மனுஷன்.

"ஒண்ணுல இருந்து போகாதீங்க," என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "பன்னிரண்டாவது பெட். அவரேதான் கூப்பிடுறார். நேரா அங்க போங்க."

பெரிய சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எப்படித் தெரியும்?"

"நான் எழுதினது."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் சின்னவள் மாத்திரைத் தட்டை மேசையில் போட்டுவிட்டு ஓடியிருந்தாள். அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. வார்டின் நடுவே அவள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசிக் கட்டிலில் குனிந்தவள், திரும்பிப் பார்க்காமலே சர்க்கரை பார்க்கிற மெஷினையும் குளுக்கோஸையும் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தாள். அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதில்லை. பெரிய சிஸ்டர் என்னை விலக்கிக்கொண்டு ஓடினார்.

கண்டக்டர் தலையணையிலிருந்து சரிந்து கிடந்தார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை; என்ன கேட்டாலும் உதடு அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. மதியம் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டிருக்கிறார், போட்ட இன்சுலின் ஊசி தன் வேலையைச் செய்து சர்க்கரையை அதல பாதாளத்துக்கு இறக்கிவிட்டது. கட்டைவிரல் மட்டும் இன்னும் பொத்தான்மேலேயே இருந்தது. டாக்டர் வருவதற்குள் சின்னவள் நரம்பைப் பிடித்து மருந்தை ஏற்றத் தொடங்கியிருந்தாள். ஒன்றாம் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் புதிய நர்ஸ் சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணில் பார்வை வந்தது. தலைமாட்டில் நின்ற கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லோரும் டிக்கெட் எடுத்தாச்சா என்று ஈனசுரத்தில் கேட்டார். டாக்டரே சிரித்துவிட்டார்.

அதற்கப்புறம் பெரிய சிஸ்டர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நோயாளிகளிடம் விளையாட்டுக் காட்டக் கூடாது என்ற அவரே ஒவ்வொரு கட்டிலாகப் போனார். மன்னிச்சுக்குங்க என்று சொல்லி, தன் கையாலேயே பொத்தானை அழுத்தினார். சின்னவள் பலகைக்குக் கீழே நின்று எரிகிற எண்ணை உரக்கப் படித்தாள். வேண்டுமென்றே அவர் வரிசையாகப் போகவில்லை. இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று தாவித் தாவி அழுத்தினார். நாலில் அழுத்தினால் நாலு, ஒன்பதில் அழுத்தினால் ஒன்பது. எண் படிக்கப் படிக்கச் சின்னவளுடைய குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்குகிறவர்கள் பெயரை வாசிப்பது மாதிரி வாசித்தாள். படுத்திருந்தவர்களுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. என்னுடையதை எப்போது அழுத்துவீர்கள் என்று ஆறாம் கட்டில்காரர் முறையிட்டார்.

எல்லாம் முடிந்ததும் பெரிய சிஸ்டர் மேசைக்கு வந்து, அட்டைப்பெட்டியை எடுத்துப் புதிய நர்ஸ் கையில் கொடுத்து, ஸ்டோரில் வைத்துவிடச் சொன்னார். என்ன தப்பு என்று என்னிடம் கேட்டார். வயரில் ஒன்றும் இல்லை, தப்பு என்னுடையது என்று எலக்ட்ரீஷியனுக்கும் கேட்கும்படி சொன்னேன். பிறகு மாத்திரைக் கப்பையும் சீட்டையும் வைத்தே விளக்கினேன். என் கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அதே விஷயம்தான். பெரிய சிஸ்டர் கடைசிவரை நின்று கேட்டார்.

"சீட்டு கட்டாம எங்க பொண்ணுங்க கொடுத்தா நான் ஒரு வாரத்துக்குத் திட்டுவேன்," என்றார்.

"திட்டுங்க சிஸ்டர்," என்றேன்.

அவர் திட்டவில்லை. சின்னவள் பக்கம் திரும்பி, பொறுப்புன்னு சொன்னா இப்படித்தான் இருக்கணும் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போனார். சின்னவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வீட்டில் நகை வாங்கிய அன்றுகூட அப்படி மலர்ந்ததில்லை. முதலாளி மறுபடி போனில் வந்து, கழற்றியாச்சா என்று கேட்டார். இல்லை, நான் எழுதியது வேலை செய்கிறது, கொஞ்சம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். நாங்கள் என்று சொல்லவில்லை, கம்பெனி என்று சொல்லவில்லை. அவர் அதைக் கவனித்தாரோ என்னவோ, போனை வைத்துவிட்டார்.

சாயங்கால டியூட்டிக்கு ஆட்கள் வந்தார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று எரிந்தது, ஒருத்தி நேராக மூன்றாம் கட்டிலுக்குப் போனாள். பத்து எரிந்தது, இன்னொருத்தி பத்துக்குப் போனாள். பலகையை யாரும் இரண்டாம் தடவை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு அதைவிட வேறு பாராட்டு வேண்டியிருக்கவில்லை. நான் எழுதிய ஒரே வரியை வைத்துக்கொண்டு பன்னிரண்டு பேரும் அவரவர் தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கேட்கிறவர்கள் நம்பினார்கள். தலைக்கனம் என்றால் தலைக்கனம்தான். அன்று எனக்குக் கூரை இடித்தது.

கிளம்பலாம் என்று லேப்டாப்பை மூடினேன். சின்னவளுக்கும் டியூட்டி முடிந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்காக நின்றாள். அப்போது பன்னிரண்டு எரிந்தது.

அவள் பையோடு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். கண்டக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு தெளிவாக எங்களைப் பார்த்தார்.

"என்ன சார், என்ன பண்ணுது?" என்றாள் சின்னவள், மூச்சு வாங்க.

"ஒண்ணும் பண்ணலம்மா. அழுத்தினா போர்டுல நான்தான் வர்றேனான்னு பாத்தேன்."

வேறு நாளாக இருந்தால் அவள் அவரை வறுத்தெடுத்திருப்பாள். அன்று அவருடைய போர்வையைச் சரிசெய்தாள்.

"நீங்களேதான் சார்," என்றாள்.